முதியோர் இல்லத்தில் மருந்து அளவு தவறாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கும் மேலாக முதியோர் இல்லங்களில் நர்ஸாக இருக்கிறேன். இப்போது கோவைப் பக்கம் ஓர் இல்லத்தில் மருந்துப் பொறுப்பு என்னுடையது. அம்மாவையோ அப்பாவையோ கொண்டுவந்து சேர்க்கும் பிள்ளைகளும், புதிதாக வேலைக்கு வரும் பெண்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. நான் பேசுவது அதைப் பற்றியல்ல. வயதானவர்கள் தங்கியிருந்து, பிறர் கையால் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் இல்லங்களைப் பற்றி. இதைப் படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் எந்த அளவையும் மாற்ற வேண்டாம்.

எழுதியிருப்பதைப் பார்த்துக் கொடுக்கிற வேலைதானே? அதில் எப்படித் தவறு வரும்?

எழுதியிருப்பதே தவறாக இருந்தால் வரும். எனக்கு அது நடந்திருக்கிறது.

சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி. சாப்பிடும் ஒரு பாட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் இல்லத்துக்குத் திரும்பி வந்தார். அந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பதினோரு மருந்துகள் இருந்தன. சாயங்காலம், டூட்டி மாறும் நேரத்தில், அதைப் பதிவேட்டில் நகல் எடுத்தது நான். மற்ற மாத்திரைகளுக்கு எழுதிய வேகத்தில் இதற்கும் 1-0-0, அதாவது தினமும் காலையில் ஒன்று, என்று எழுதிவிட்டேன். அடுத்த நாள்களில் மாத்திரை கொடுத்தவர்கள் வேறு இரண்டு பேர். அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. தாளில் இருந்ததை, சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் கொடுத்தார்கள். நாலு வாரத்துக்கென்று வாங்கிய 4 மாத்திரை நாலாம் நாளே தீர்ந்துபோனது. "சிஸ்டர், இது அதுக்குள்ள எப்படித் தீரும்?" என்று ஸ்டோர் பார்க்கும் அம்மா கேட்டதால்தான் தெரிந்தது.

பாட்டியை அன்றைக்கே அட்மிட் செய்தோம். நஞ்சை முறிக்கும் மருந்து கொடுத்து, ரத்த அணுக்களைத் தினமும் பார்த்து, இரண்டு வாரம் கழித்து நல்லபடியாகத் திரும்பினார். தினமும் கொடுத்த மெத்தோட்ரெக்சேட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போன நோயாளிகள் பல நாடுகளில் உண்டு.

அப்படியானால் தவறுகள் அதிகம் நடப்பது எந்த இடத்தில்?

கை மாறும் இடத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்கு, சீட்டிலிருந்து பதிவேட்டுக்கு, மருந்துக்கடையிலிருந்து அலமாரிக்கு, பகல் டூட்டியிலிருந்து இரவு டூட்டிக்கு. கடைசியில் மாத்திரையை வாயில் போடுகிற பெண்ணைத்தான் எல்லோரும் திட்டுகிறோம். தவறு அவளிடம் வந்து சேர்வதற்கு முன் மூன்று கைகளைத் தாண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் 55 முதியோர் இல்லங்களில் 256 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒருவருக்குச் சராசரியாக 8 மருந்துகள். பத்தில் ஏழு பேருக்குக் குறைந்தது ஒரு தவறாவது இருந்தது. எழுதிய டாக்டர், எடுத்துக் கொடுத்த மருந்துக்கடை, ஊட்டிய இல்லம், ரத்தப் பரிசோதனை செய்யாமல் விட்டது என எல்லாக் கட்டத்திலும் தவறு கண்டார்கள். மேற்பார்வை நன்றாக இருக்கிற நாட்டிலேயே நிலைமை அது.

"ஒரே தாள்" என்று சொல்கிறீர்களே, அது என்ன?

ஒருவருக்கு ஒரே ஒரு மருந்துப் பட்டியல். இதய டாக்டர் சீட்டு ஒரு ஃபைலில், சர்க்கரை டாக்டர் சீட்டு இன்னொன்றில், கண் டாக்டர் சொட்டு மருந்து மகளின் கைப்பையில் என்று இருக்கக்கூடாது. எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும், கண் சொட்டும் தோலில் ஒட்டும் பேட்சும் உட்பட. கண்ணில்தானே விடுகிறோம் என்று நினைக்கும் டிமோலால் சொட்டு, ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கும்.

தாளின் தலையில் அவருடைய போட்டோ, வயது, எடை, ஒவ்வாத மருந்துகள், சிறுநீரகப் பரிசோதனையின் கடைசித் தேதி. கீழே ஒவ்வொரு மருந்துக்கும் ஜெனரிக் எனும் பொதுப் பெயர், கம்பெனி வைத்த பிராண்டு பெயர், மி.கி., எத்தனை மாத்திரை, எந்த நேரம், எதற்காக, யார் எழுதியது, எந்தத் தேதி வரை. "எதற்காக" என்ற கட்டத்தைப் பல இல்லங்களில் விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். பிரஷர் இல்லாதவருக்குப் பிரஷர் மாத்திரை வந்திருந்தால் காட்டிக்கொடுப்பது அந்தக் கட்டம்தான்.

புதிதாக எழுதும்போது ஒருவர் எழுத, இன்னொருவர் மூலச் சீட்டை வைத்துச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு, போகும் முன் இருந்த பட்டியலையும் வந்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மருந்து காணாமல் போயிருந்தால் டாக்டர் நிறுத்தினாரா, எழுத மறந்தாரா என்று போன் செய்து கேட்க வேண்டும். மாலையில் வந்தால், காலைப் பொழுதில் இன்னொரு தடவை. இதை நான் மெத்தோட்ரெக்சேட்டிடம் கற்றுக்கொண்டேன்.

1-0-1 என்று எழுதினால் போதாதா? எல்லோருக்கும் புரியுமே?

காலை, மதியம், இரவு என்று புரியும். எத்தனை மி.கி. என்று புரியாது. டாக்டர் 40 மி.கி. எழுத, கடையில் 20 மி.கி. மட்டும் இருந்தால் 1 என்பது 2 ஆக வேண்டும். வாரம் ஒரு முறை மருந்தை 1-0-1 முறையில் எழுதவே முடியாது. அதற்குக் கிழமையின் பெயரை முழுதாக எழுதி, மற்ற ஆறு நாள் கட்டங்களையும் பேனாவால் குறுக்கே அடித்துவிடுங்கள்.

எண்களில் நாலு கண்ணிகள் உண்டு. 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும். வெறும் 5 என்று எழுதுங்கள். .5 என்றால் புள்ளி மறைந்து 5 ஆகும், 0.5 என்று எழுதுங்கள். இன்சுலினுக்கு 10 என்று எழுதி ஆங்கில 'யூ' எழுத்தை ஒட்டிப் போட்டால் 100 போலத் தெரியும். யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வரும். அதை மி.கி. என்று எழுதினால் தாளில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

கையெழுத்து புரியவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். ஜெனரிக் பெயரில், தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இலேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியிருக்கிறது. டாக்டரிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இன்சுலினில் இரண்டு வகை சிரிஞ்சு இருக்கிறதே, எதை எடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் குப்பி. ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் குப்பியும் இன்சுலின் ஊசிப் பேனாவும். சிரிஞ்சும் அதேபோல இரண்டு. 40-க்கு உரியதன் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. மங்கிய விளக்கில் இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள்.

100 இன்சுலினை 40 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. 40 இன்சுலினை 100 சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் போவது 4 யூனிட்தான். சர்க்கரை ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார், பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும். அன்றைக்குத்தான் ஆபத்து.

எங்கள் இல்லத்தில் ஒரே அடர்த்தியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். மற்றது வெளியிலிருந்து வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றி வாங்குகிறோம். பேனா பழுதானால் அதன் உள்குப்பியிலிருந்து சிரிஞ்சில் இழுப்பது எங்கள் இல்லத்தில் கண்டிப்பாகக் கூடாது. ஊசி போடும் முன் இன்னொருவர் குப்பியையும் சிரிஞ்சையும் கோட்டையும் பார்க்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஊசி. சமையல் தாமதமாகும் நாளில், போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது.

சர்க்கரை இறங்கிவிட்டால்?

வியர்வை, நடுக்கம், திடீர் குழப்பம், காரணமில்லாத கோபம். மறதி நோய் உள்ளவர்களிடம் கடைசி இரண்டையும் "அவங்க எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். உடனே பரிசோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழிப்போடு, விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கினால், ஏறிய பிறகும் பல மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். இரவு முழுக்கப் பார்க்க வேண்டும்.

வேறு எந்த மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும்?

வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட்டைச் சொல்லிவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் இரண்டிலும் அளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். சிலருக்குக் கிழமைக்குக் கிழமை வேறு அளவு. பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வையுங்கள். இவர்களுக்கு வயிற்றுப்போக்கு என்று மெட்ரோனிடசோல் ஆரம்பித்தால் ஐ.என்.ஆர். ஏறி ரத்தக்கசிவு வரலாம். மருந்து எழுதும் டாக்டரிடம் "இவங்க வார்ஃபரின்ல இருக்காங்க" என்று நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதயத்துக்கான டிஜாக்ஸின் மாத்திரையைக் கொடுக்கும் முன் நாடித்துடிப்பை எண்ணுங்கள். 60-க்குக் கீழே என்றால் கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள். நம் டாக்டர்கள் பலர் இதை வாரத்தில் 5 நாள் என்று எழுதுவார்கள், அந்த இரண்டு ஓய்வு நாள்களையும் தாளில் அடித்துவிடுங்கள். குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிவது இதன் நஞ்சு ஏறியதற்கான அடையாளம்.

மறதி நோய்க்கு ஒட்டும் ரிவாஸ்டிக்மைன் பேட்சும் அப்படித்தான். தினமும் புதிது ஒட்டும்போது பழையதை உரிக்க மறந்தால் முதுகில் இரண்டு மூன்று பேட்சுகள் சேர்ந்து அளவு ஏறிவிடும். குளிப்பாட்டும் ஆயாவிடம் சொல்லி வையுங்கள். அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

காய்ச்சல் மாத்திரையில் என்ன ஆபத்து?

ஒரே மருந்து பல பெயரில் வருவதுதான். டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் பாரசிட்டமால். வலி மாத்திரைகள் பலவற்றிலும் டிரமடாலோடு பாரசிட்டமால் கலந்திருக்கும். ஒரு டாக்டர் இதையும் இன்னொரு டாக்டர் அதையும் எழுத, மகள் பையில் ஓர் அட்டை வைத்துவிட்டுப் போக, மூன்றும் சேர்ந்து கல்லீரலுக்குப் போகிறது. திடகாத்திரமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த உடம்புக்கு இன்னும் குறைவு. எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். "எஸ்.ஓ.எஸ்.", அதாவது தேவைப்பட்டால் மட்டும், என்று எழுதிய மருந்துக்கு, எத்தனை மணி நேர இடைவெளி, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்ற இரண்டும் தாளில் இருக்க வேண்டும்.

அப்பாவால் விழுங்க முடியவில்லை. பொடித்துக் கொடுக்கலாமா?

எல்லாவற்றையும் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால் அது நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே மணி நேரத்தில் இறங்கும். பிரஷர் மாத்திரை என்றால் மயங்கி விழுவார்கள். பேன்டப்ரசோல், பூச்சுள்ள ஆஸ்பிரின் போன்றவை குடலில் கரைய வேண்டியவை. அவற்றையும் பொடிக்கக் கூடாது. பல மருந்துகளுக்குச் சிரப்போ நீரில் கரையும் மாத்திரையோ உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். சிரப்பை வீட்டு ஸ்பூனில் அளக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. பாட்டிலோடு வந்த மூடியோ சிரிஞ்சோ போதும்.

இரண்டு ராஜேஸ்வரி பாட்டிகள் இருந்தால்?

"ராஜேஸ்வரி பாட்டிதானே?" என்று கேட்டால் காது கேட்காதவரும் மறதி உள்ளவரும் தலையாட்டிவிடுவார்கள். "பாட்டி, உங்க பேரு சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்ல முடியாதவர் என்றால் தாளில் உள்ள போட்டோ. கட்டில் எண்ணை நம்பவே கூடாது. மதியம் காற்று வருகிறது என்று இருவரும் கட்டிலை மாற்றிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

முந்தின இரவே எல்லோருக்கும் மாத்திரையைப் பிரித்துக் கிண்ணத்தில் வைத்துவிடலாமா?

தானே மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு ஏழு நாள் பெட்டி நல்ல உதவி. முப்பது பேருக்கு ஒரு நர்ஸ் இரவில் பிரித்து வைத்து, காலையில் வேறொருவர் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அட்டையிலிருந்து வந்த பிறகு வெள்ளை மாத்திரை எல்லாம் வெள்ளை மாத்திரைதான். கொடுக்கிறவர் பெயரையும் மி.கி.யையும் சரிபார்க்க வழியே இல்லை. ஒருவருக்கு எடுத்து, ஒருவருக்குக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அடுத்தவரிடம் போக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நர்ஸைப் போன் எடுக்கவும் விருந்தாளியிடம் பேசவும் கூப்பிடாதீர்கள்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை சேர்த்துக் கொடுக்கலாமா?

கூடாது. விட்டதை விட்டதாக எழுதி, டாக்டரைக் கேளுங்கள்.

அம்மா கிருத்திகை, ஏகாதசி விரதம் விடமாட்டார். மாத்திரை?

விரதத்தைத் தடுக்க எனக்கு மனம் வராது, அவர்களுக்கு அது மூச்சு. ஆனால் முந்தின நாளே டாக்டரிடம் கேட்டு அன்றைய அளவைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். கிளிமிபிரைடும் இன்சுலினும் வழக்கம்போலப் போய், சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை தரையைத் தொடும். ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கும் இதேதான். எங்கள் இல்லத்துக் காலண்டரில் விரத நாள்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறோம்.

நாட்டு மருந்தையும் தாளில் எழுத வேண்டுமா?

ஆமாம், லேகியம், கஷாயம், சூரணம் எல்லாமே. தொண்டைக்கென்று தினமும் அதிமதுரம் சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் குறையும். நீர் மாத்திரையும் டிஜாக்ஸினும் எடுப்பவருக்கு அது இதயத்தைப் பாதிக்கும். வார்ஃபரின் எடுப்பவர் கீரையை நிறுத்த வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

கடை மாறினால் மாத்திரையின் நிறமும் மாறுகிறதே?

மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் என்று ஜெனரிக் வாங்குவது நல்லதுதான், செலவு குறையும். நிறமும் பிராண்டும் மாறும், மருந்து அதுவே. மாறிய அன்று தாளில் பிராண்டு பெயரைத் திருத்தாவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டு மடங்காகப் போகும். பெரியவர் "இது என் மாத்திரை இல்லை" என்று சொன்னால் நின்று கேளுங்கள், நிறைய தடவை அவர் சொல்வது சரியாக இருக்கும்.

அட்டையை வெட்டி நாலு, ஆறு என்று வாங்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும்.

தவறு நடந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஆளைப் பாருங்கள்: நினைவு, மூச்சு, நாடி, பிரஷர், சர்க்கரை. டாக்டருக்குப் போன்: எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு. நிலைமை மோசமென்றால் 108. அட்டையைத் தூக்கிப்போடாமல் கூடவே அனுப்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குடும்பத்துக்கு அன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள். பதிவேட்டை அழித்து எழுதாதீர்கள். மருந்தின் பக்க விளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

தவறு செய்த நர்ஸை வேலையை விட்டு எடுக்க வேண்டாமா?

அன்று என் மேட்ரன் என்னை அனுப்பவில்லை. பாட்டியின் மகனிடம் என்னையே சொல்லச் சொன்னார், பக்கத்தில் அவர் நின்றார். மகன் கோபப்பட்டார், அது அவர் உரிமை. அடுத்த வாரம்தான் இருவர் கையெழுத்து முறை வந்தது. என்னை அனுப்பியிருந்தால் அதே பதிவேட்டில், அதே டூட்டி மாறும் நேரத்தில், வேறொரு பெண் அதே 1-0-0 எழுதியிருப்பாள். குடித்துவிட்டு வேலைக்கு வருவது, வேண்டுமென்றே மறைப்பது வேறு விஷயம். தவறைத் தானே வந்து சொல்பவரை அனுப்பினால், அடுத்த தவறு நமக்குத் தெரியாமலே நடக்கும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். இங்கிருந்து என்ன பார்க்க முடியும்?

நிறைய. மாதம் ஒரு முறை மருந்துத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊசி போடுபவர் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். இரவில் யார் மருந்து கொடுக்கிறார் என்றும் கேளுங்கள். பகலில் நர்ஸ், இரவில் ஆயா என்று இருக்கும் இல்லங்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா மருந்தையும் ஒரே டாக்டரிடம் காட்டி, "இதில் எதை நிறுத்தலாம்?" என்று கேட்க ஏற்பாடு செய்யுங்கள். வயதானால் சிறுநீரகம் மெதுவாகும். பத்து வருடத்துக்கு முன் சரியாக இருந்த அளவு இன்று அதிகமாக இருக்கலாம். வீடியோ காலில் அம்மாவிடம் "மாத்திரை சாப்டியா?" என்று கேட்பதோடு, எத்தனை மாத்திரை, என்ன நிறம் என்றும் கேளுங்கள். பில்லில் வாங்கிய எண்ணிக்கையையும் மாதக் கடைசியில் அட்டையில் மிச்சமிருக்கும் எண்ணிக்கையையும் ஒத்துப் பாருங்கள். அந்த நாலு மாத்திரையும் எண்ணிக்கையில்தான் மாட்டின.